பாடம் சொன்னவர் படித்த பாடம்!

"அரசியல் ஒரு சாக்கடை, படித்தவர்கள் இறங்கினால்தான் சுத்தமாகும்" என்று மேதாவிகள் சிலர் பேசுவதைத் தேநீர்க்கடையிலே கேட்கிறோம், இரயில் பெட்டியிலே கேட்கிறோம், பட்டமளிப்பு விழா மேடையிலேயும் கேட்கிறோம். சொல்லும்போது அவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதைக் கவனியுங்கள்! சுவரொட்டி ஒட்டுகிறவனையும், கொடிக்கம்பம் நடுகிறவனையும், ஆலை வாசலிலே நின்று உண்டியல் குலுக்குகிறவனையும் சேர்த்துச் சாக்கடைக் கணக்கிலே எழுதிவிடுகிற பார்வை அது.

சென்ற வாரம் படிப்பகத்திலே நம்மைச் சந்தித்த ஆலைத் தொழிலாளத் தோழர் ஒருவர், இந்தப் பேச்சால் மனம் நொந்து கேட்டார்: "எட்டாவதோடு நின்றவன் நான். எங்களைப் போன்றவர்கள் ஒதுங்கிக்கொண்டு, பெரிய படிப்புப் படித்தவர்கள் கையிலே எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டால் நாடு உருப்பட்டுவிடும் என்கிறார்களே, மெய்தானா அண்ணே?"

வாதத்தால் பதில் சொல்வதைவிட வரலாற்றால் சொல்லலாம் என்று தோன்றிற்று. அரசியலைப் படித்தவர் மட்டுமல்ல, அரசியலையே பாடமாக நடத்தியவர், பல்கலைக் கழகத்துத் தலைவராக வீற்றிருந்தவர், நாட்டின் அரசியல் ஆய்வாளர்கள் கூடி அமைத்த சங்கத்துக்கே தலைவரானவர் — அப்படிப்பட்ட ஒருவர் ஒரு மாநிலத்துக்குக் கவர்னராக வந்த கதை அமெரிக்காவிலே உண்டு. அவர் பெயர் வுட்ரோ வில்சன். பின்னாளிலே ஜனாதிபதியாகி உலகமெல்லாம் பேசப்பட்டவர். அந்தப் புகழ்க் கதை பலருக்கும் தெரியும். நாம் சொல்ல வந்தது அவர் நியூஜெர்சி மாநிலத்துக் கவர்னராக இருந்த இரண்டே ஆண்டுக் கதை.

கவர்னர் என்றதும் நம் தோழர்களுக்கு நினைவு வருவது மாளிகையும் மலர்ச்செண்டும்தான். டில்லி அனுப்பும், வந்து அமர்வார், வாக்குச் சீட்டின் வாசனையே அவருக்கு வேண்டியதில்லை. அமெரிக்கக் கவர்னர் அப்படி அல்ல. வாக்குக் கேட்டு, வென்று, நாற்காலிக்கு வருகிறவர். நம் கணக்குக்குச் சொன்னால், இங்கே முதலமைச்சர் செய்யும் வேலையை அங்கே செய்கிறவர்.

வில்சன் பிறந்தது 1856-ஆம் ஆண்டு டிசம்பர் 28-இல், வர்ஜீனியா மாநிலத்து ஸ்டான்டன் என்னும் ஊரில். தென்னாடு, அடிமைகளின் வியர்வையிலே பருத்தி விளைந்த நாடு. தந்தை ஒரு மதகுரு. சாதாரண மதகுரு அல்ல. எசமானும் அடிமையுமாக மனிதர் வாழ்வது வேதத்துக்கு ஒத்ததே என்று 1861-இல் மேடையேறிப் பிரசங்கம் செய்தவர்! அந்த ஆண்டிலேதான் உள்நாட்டுப் போர் மூண்டது. ஜார்ஜியாவிலே, அகஸ்டா நகரத்து அவருடைய கோயில், காயம்பட்ட தென்னாட்டுச் சிப்பாய்களுக்கு மருத்துவமனையாயிற்று. சிறுவன் வில்சன் அதைப் பார்த்து வளர்ந்தான். ஒன்பது, பத்து வயது வரையில் அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை என்பது ஒரு வியப்பான செய்தி. "மக்குப் பிள்ளை" என்று நாம் ஒதுக்கும் குழந்தைகளை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

பிறகு படித்தான், விடாமல் படித்தான். பிரின்ஸ்டனிலே 1879-இல் பட்டம். வக்கீல் தொழிலுக்கு என்று அட்லாண்டாவிலே பலகை மாட்டினார். வழக்குகள் வரவில்லை, மனமும் ஒட்டவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்திலே சேர்ந்து அரசியல் ஆராய்ச்சி செய்து, 1886-இல் டாக்டர் பட்டம் பெற்றார். இன்று வரையில் அமெரிக்க ஜனாதிபதிகளிலே அப்படி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர் அவர் ஒருவரே.

1885-இல் அவர் எழுதிய முதல் நூல் அமெரிக்கக் காங்கிரசின் ஆட்சி முறையைப் பற்றியது. நூல் எழுதிய இடம் பால்டிமோர் நகரம். வாஷிங்டனோ கூப்பிடு தூரம். இரயில் ஏறினால் பகற்பொழுதுக்குள் போய் வந்துவிடலாம். ஆனால் நூலை முடிக்கும் வரையில் காங்கிரஸ் சபை எப்படி நடக்கிறது என்று நேரிலே சென்று அவர் பார்க்கவில்லை! ஏட்டைப் பார்த்தே எழுதினார். அப்படியும் நூல் சோடை போகவில்லை. நாட்டை ஆளும் முடிவுகள் மன்றத்திலே எடுக்கப்படுவதில்லை, கதவடைத்த கமிட்டி அறைகளிலே எடுக்கப்படுகின்றன, ஆகவே தவறு நேர்ந்தால் யாரைப் பிடித்துக் கேட்பது என்று மக்களுக்குத் தெரிவதில்லை என்று காட்டினார். பிரிட்டனிலே மந்திரி சபையில் நின்று பதில் சொல்கிறான், இங்கே அப்படி ஒருவன் இல்லையே என்பது அவர் குறை. இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கவர்னர் மாளிகையிலே இது நடைக்கு வரும்.

1890-இல் பிரின்ஸ்டனுக்குப் பேராசிரியராகத் திரும்பினார். 1902-இல் அதன் தலைவரானார். அங்கே செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தமக்கென்று உணவு விடுதிக் கழகங்களை நடத்தினார்கள். யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்பதெல்லாம் அவர்கள் இஷ்டம். தள்ளப்பட்ட மாணவன் கல்லூரியிலே இருந்தும் இல்லாதவன். வில்சன் 1907-இல் இந்தக் கழகங்களை ஒழித்து, எல்லா மாணவர்களும் ஒன்றாக உண்டு உறைந்து படிக்கும் விடுதிகளை அமைக்கத் திட்டம் தீட்டினார். பழைய மாணவர்கள் — பணமுடிப்பு வைத்திருந்தவர்கள் — பொங்கி எழுந்தார்கள். திட்டம் தோற்றது. ஆனால் பத்திரிகைகளிலே அவர் பெயர், பணக்காரச் சலுகையை எதிர்த்துப் போராடிய பேராசிரியர் என்று பரவிற்று.

நல்லவர்தானே என்பீர்கள். அவசரப்பட வேண்டாம். அதே வில்சன், 1909-இல், பிரின்ஸ்டனிலே சேர்ந்து படிக்க விரும்பிய கறுப்பின மாணவர் ஒருவருக்கு, இங்கே சேர வருவது உகந்ததல்ல என்று பதில் அனுப்பச் செய்தவர். பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே பந்தியிலே உட்கார வேண்டும் என்று போராடியவருக்கு, கறுப்புப் பிள்ளைக்குப் பந்தியிலே ஓர் இலை போடத் தோன்றவில்லை.

தொழிலாளியைப் பற்றியேனும் கருணை இருந்ததா? அதே 1909-இல், தொழிற்சங்கங்கள் திறமையுள்ளவனைத் திறமையற்றவன் மட்டத்துக்கு இழுத்து நிறுத்துகின்றன என்று மாணவர்க்கு உபதேசம் செய்தார். சங்கத்திலே சேராதவனை வேலைக்கு வைக்கும் முதலாளியின் உரிமைக்குத் தாம் தீவிர ஆதரவாளர் என்று கடிதமும் எழுதினார். உறுமும் எந்திரத்தின் பக்கத்திலே ஒரு நாள் நின்றவரல்லர், உபதேசம் மட்டும் தாராளம்!

இந்த உபதேசம்தான் ஒரு சிலர் காதுக்கு இனித்தது. நியூஜெர்சியிலே ஜனநாயகக் கட்சியைத் தம் சட்டைப் பைக்குள் வைத்திருந்தவர்கள் அவர்கள். தலைவர்கள் என்று அவர்களைச் சொன்னால் தலைமைக்கே இழுக்கு. 'பாஸ்' என்றுதான் ஊர் அழைத்தது. அவர்களிலே பெரியவர் நெவார்க் நகரத்து ஜேம்ஸ் ஸ்மித். தோல் தொழிலிலே பொருள் குவித்தவர், முன்னாள் செனட்டர். ஜார்ஜ் ஹார்வி என்ற பத்திரிகை அதிபர், வில்சனை ஸ்மித்திடம் அறிமுகப்படுத்தினார். பிரபலமான பெயர், கறைபடாத கை, தொழிற்சங்கத்தைக் கண்டிக்கும் வாய் — இதைவிட வேறு என்ன வேண்டும்? ஏட்டுச் சுரைக்காய்தானே, நாம் அரிந்தபடி அரியலாம் என்று எண்ணினார்கள். 1910-ஆம் ஆண்டுக் கவர்னர் தேர்தலுக்கு அவரை நிறுத்த முடிவாயிற்று.

அப்போது எழுந்தது ஒரு குரல். நியூஜெர்சி மாநிலத் தொழிலாளர் சம்மேளனம் ஆகஸ்டிலே மாநாடு கூட்டி, வில்சனை நிறுத்தக்கூடாது என்று வெளிப்படையாகத் தீர்மானம் போட்டது. பட்டுத்தறியிலே, பானைச் சூளையிலே, தோல் பதனிடும் தொட்டியிலே நின்றவர்களின் பிரதிநிதிகள், "நீர் எங்களைப் பற்றிப் பேசியது எங்களுக்குத் தெரியும்" என்று பேராசிரியர் முகத்துக்கு நேரே சொன்ன தீர்மானம் அது.

தோழர்களே, இந்த இடத்திலே கதை திரும்புகிறது. தீர்மானம் வந்த சில நாள்களுக்குள்ளே தொழிலாளர் ஏட்டு ஆசிரியர் ஒருவருக்கு வில்சன் விளக்கக் கடிதம் எழுதினார். தாம் தொழிலாளர்க்குப் பகைவரல்லர், சங்கம் அமைக்கும் உரிமையை மறுப்பவரல்லர், சில நடைமுறைகளைத்தான் குறை சொன்னேன் என்றார். ஓராண்டுக்கு முன் உபதேசம் செய்தவர், இப்போது சமாதானம் சொன்னார்! எந்தப் புத்தகமும் கற்பிக்காததை ஒரு தீர்மானம் கற்பித்தது.

செப்டம்பர் 15-ஆம் நாள் டிரென்டன் நகரத்திலே கட்சி மாநாடு. ஸ்மித்தின் ஆட்கள் கணக்குப் போட்டபடியே வில்சன் தேர்ந்தெடுக்கப்பட்டார். கட்சியிலே இருந்த இளைஞர்கள், சீர்திருத்தம் கேட்டவர்கள், தலை தொங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஜோசப் டுமல்டி என்ற ஜெர்சி சிட்டி இளைஞர் அவர்களிலே ஒருவர். மேடையேறிய வில்சன், இந்தப் பதவியை நான் தேடவில்லை, இதற்காக யாருக்கும் எந்த வாக்குறுதியும் தரவில்லை, மக்களுக்குப் பணி செய்வதிலிருந்து என்னைத் தடுக்கும் கட்டு எதுவும் என்மீது இல்லை என்ற கருத்துப்படப் பேசினார். தொங்கிய தலைகள் நிமிர்ந்தன. எதிர்த்து நின்ற டுமல்டி, பின்னர் அவருடைய அந்தரங்கச் செயலாளரானார்.

ஆனால் மேடைப் பேச்சை மட்டும் நம்பிவிடாத ஒருவர் இருந்தார். ஜார்ஜ் ரெக்கார்ட் — எதிர்க்கட்சிக்காரர், சீர்திருத்தவாதி. 19 கேள்விகளை எழுதி வில்சனுக்கு அனுப்பினார். பொதுப்பயன் கம்பெனிகளின் கட்டணத்தைக் கட்டுப்படுத்துவீரா? வேட்பாளரைக் கட்சி உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டு வருவீரா? விபத்திலே அடிபட்ட தொழிலாளிக்கு இழப்பீடு தருவீரா? உம் கட்சியிலே 'பாஸ்' ஆட்சி உண்டா, இல்லையா? மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. அக்டோபர் 24-இல் எழுதிய பதிலிலே, ஆம், அந்த ஆட்சி உண்டு, நான் கவர்னரானால் அதற்குப் பணியமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். நவம்பரிலே சுமார் 49 ஆயிரம் வாக்கு வித்தியாசத்திலே வென்றார்.

வெற்றி கிடைத்ததும் ஸ்மித் பட்டியைத் திறந்து பார்த்தார். அந்நாளிலே செனட்டரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது. நேரடித் தேர்தல் 1913-இல்தான் வந்தது. ஆயினும் நியூஜெர்சியிலே, மக்கள் விருப்பம் என்ன என்று அறிய ஒரு முன்தேர்தல் நடந்திருந்தது. அதிலே வென்றவர் ஜேம்ஸ் மார்ட்டின். ஸ்மித் அதைப் பொருட்படுத்தாமல், செனட்டர் பதவி எனக்கே என்றார். "உம்மை உருவாக்கியவன் நான்" என்ற உரிமை!

மார்ட்டினைப் பற்றி வில்சனுக்கே பெரிய மதிப்பு இல்லை. ஆனாலும் முன்தேர்தல் என்று ஒன்றை நடத்தி, மக்களைக் கேட்டுவிட்டு, பதிலைக் குப்பையிலே போடலாமா? நெவார்க்கிலே ஸ்மித்தின் வீட்டுக்கே போய்ச் சொல்லிப் பார்த்தார். மறுத்தார் ஸ்மித். வில்சன் வெளியே வந்து அறிக்கை விட்டார். ஜெர்சி சிட்டியிலும் நெவார்க்கிலும் பொதுக்கூட்டம் போட்டு மக்களிடம் முறையிட்டார். 1911 ஜனவரி 17-இல் கவர்னராகப் பதவியேற்றார்; ஒரே வாரத்தில், 25-ஆம் நாள், சட்டமன்றம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தது. ஸ்மித்தின் கோட்டை சரிந்தது. நன்றி கெட்டவர் என்று ஸ்மித்தின் ஆட்கள் வைதார்கள். நன்றி என்பது யாருக்கு? வாக்களித்தவனுக்கா, வாசலிலே காத்திருந்து கூட்டி வந்தவனுக்கா? நம் நாட்டிலும் அடிக்கடி எழுகிற கேள்விதான் இது.

அந்த ஆண்டு சட்டமன்றக் கூட்டத்திலே பேராசிரியரின் பழைய புத்தகம் உயிர் பெற்றது. தேர்தல் சீர்திருத்த மசோதாவைக் கவிழ்க்க 'பாஸ்' கும்பல் முயன்றபோது, கட்சி உறுப்பினர்களின் தனிக் கூட்டத்துக்கே கவர்னர் நேரில் போய் உட்கார்ந்தார். இப்படி எந்தக் கவர்னரும் வந்ததில்லையே, என்ன உரிமை என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அரசியல் சட்டத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு, மணிக்கணக்கிலே மசோதாவை விளக்கினார். வகுப்பறைப் பயிற்சி வீண் போகவில்லை! கட்சியின் மாநிலத் தலைவராக இருந்த ஸ்மித்தின் உறவினர் நூஜென்ட், பதவிகளைக் காட்டி உறுப்பினர்களை மயக்குகிறீர் என்று கவர்னரின் அறையிலேயே குற்றம் சாட்டினார். வில்சன் அவருக்கு வாசலைக் காட்டினார். மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சு.

மசோதாக்கள் நிறைவேறின. வேட்பாளர்களைக் கட்சி வாக்காளரே தேர்ந்தெடுக்கும் முறை, தேர்தல் ஊழல் தடுப்புச் சட்டம், கம்பெனிக் கட்டணங்களைக் கண்காணிக்கும் ஆணையம். எல்லாம் நான்கு மாதங்களுக்குள்ளே. இவற்றை விரைந்து சொல்லிக் கடக்கிறோம். ஏனெனில் நம் தோழர்களுக்கு நெஞ்சிலே தைக்கும் சட்டம் வேறொன்று. ஏப்ரலிலே கையொப்பமாகி, 1911 ஜூலை 4-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்.

அதற்கு முன்பு நிலைமை என்ன? ஆலையிலே ஒருவனுடைய கை எந்திரத்திலே சிக்கி நசுங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் வழக்கு மன்றம் போகலாம். போனால், முதலாளியின் வக்கீல் கையிலே மூன்று பூட்டுகள் இருக்கும். முதற்பூட்டு: "எந்திரத்தை ஓட்டியவன் உன் கூட்டாளித் தொழிலாளி, தவறு அவனுடையது, முதலாளியுடையதல்ல." இரண்டாம் பூட்டு: "ஆபத்தான வேலை என்று தெரிந்துதானே வந்தாய்? தெரிந்து வந்தவன் வாய் திறக்கலாமா?" மூன்றாம் பூட்டு: "உன் கவனக்குறைவும் இதிலே கொஞ்சம் உண்டு, கொஞ்சம் இருந்தாலே வழக்குத் தள்ளுபடி." பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தவன் பதின்மூன்றாம் மணியில் கண்ணயர்ந்தால், அது அவன் கவனக்குறைவு! கையும் போயிற்று, கூலியும் போயிற்று, வக்கீலுக்குக் கொடுத்த காசும் போயிற்று. வீட்டிலே அடுப்பு அணைந்தது.

புதிய சட்டம் கேள்வியையே மாற்றிற்று. தவறு யாருடையது என்று தேடாதே. வேலையிலே அடிபட்டானா, அவனுக்குக் கூலியிலே பாதியளவு இழப்பீடு கொடு. எந்திரம் பழுதானால் செப்பனிடும் செலவு உற்பத்திச் செலவிலே சேர்கிறதல்லவா, மனிதன் பழுதானால் அதுவும் சேரட்டும்! இப்படிச் சட்டம் செய்த முதல் சில அமெரிக்க மாநிலங்களிலே நியூஜெர்சி ஒன்று. நம் நாட்டிலே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1923-இல். மாதக் கடைசியிலே கையிலே கட்டுடன் சங்க அலுவலகத்துக்கு வரும் தோழர், மனு எழுதும்போது இந்தப் பரம்பரையை நினைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, சங்கத்தைப் பழித்த பேராசிரியரின் கையொப்பத்தாலேயே தொழிலாளிக்குச் சட்டம் வந்தது. அவர் தானாகவா வந்தார்? சம்மேளனத்தின் தீர்மானம் ஒரு பக்கம் நெருக்கிற்று, ரெக்கார்டின் கேள்வித்தாள் மறுபக்கம் நெருக்கிற்று, வாக்குப்பெட்டி முன்னே நின்றது. நெருக்கியவர்கள் பெற்றார்கள்.

நெருக்க முடியாதவர்கள்? அந்த மகத்தான சட்டத்துக்குக் கையொப்பமிட்ட அதே ஏப்ரல் மாதத்திலே வேறொரு சட்டத்துக்கும் கையொப்பமிட்டார். மூளை வளர்ச்சி குன்றியவர்கள், வலிப்பு நோயாளிகள், சிலவகைக் குற்றவாளிகள் — இவர்களுக்குப் பிள்ளைப் பேறு இல்லாதபடி கட்டாய அறுவை செய்யலாம் என்ற சட்டம்! அக்காலத்துப் படித்தவர்கள் பலர் இதை விஞ்ஞானம் என்றே கொண்டாடினார்கள். 1913-இல் மாநிலத்து உச்சமன்றம், வலிப்பு நோயுற்ற பெண் ஒருத்தியின் வழக்கிலே, இது செல்லாது என்று தள்ளிற்று. வலிப்பு நோயாளர் விடுதியிலே அடைபட்டவளுக்குச் சம்மேளனம் ஏது, தீர்மானம் ஏது, வாக்குப்பெட்டிதான் ஏது?

1913 பிப்ரவரியிலே, போகிற போக்கில், பெருங் கம்பெனிக் கூட்டுகளை அடக்க ஏழு சட்டங்கள் செய்தார். 'ஏழு சகோதரிகள்' என்று பெயர். கம்பெனிகள் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு பக்கத்து டெலவேர் மாநிலத்திலே பதிவு செய்துகொண்டன; நியூஜெர்சியே பிறகு அந்தச் சட்டங்களை நீக்கிக்கொண்டது. அதே பிப்ரவரி இறுதியிலே பேட்டர்சன் நகரத்துப் பட்டுத் தொழிலாளர்கள் சுமார் 25 ஆயிரம் பேர் வேலைநிறுத்தத்திலே இறங்கினார்கள். இரண்டு தறி பார்த்தவன் இனி நான்கு தறி பார்க்க வேண்டும் என்றான் முதலாளி. எட்டு மணி நேர வேலை கொடு என்றார்கள் நெசவாளர்கள். மார்ச் முதல் நாள் வில்சன் கவர்னர் பதவியை விட்டு விலகினார். 4-ஆம் நாள் நாட்டுக்கே ஜனாதிபதி. பேட்டர்சன் தோழர்கள் ஐந்து மாதம் பட்டினி கிடந்து போராடித் தோற்றார்கள்.

ஜனாதிபதியாக இரயில்வேத் தொழிலாளிக்கு எட்டு மணி நேரச் சட்டம் 1916-இல் கொடுத்தார். அதுவும் நாடு தழுவிய வேலைநிறுத்தம் கதவைத் தட்டியபோது கொடுத்தது. போருக்கு எதிராகப் பேசிய சோஷலிஸ்டுத் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்தாண்டுச் சிறை. மன்னிக்க மறுத்தார் வில்சன். 1920-இல் டெப்ஸ் சிறைக்குள்ளே இருந்தபடியே ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்று ஒன்பது இலட்சம் வாக்குக்கு மேல் பெற்றார் என்பதை நம் தோழர்கள் சுவைத்துப் படிப்பார்கள்.

கறுப்பின மக்களின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1912 தேர்தலிலே, எல்லோருக்கும் நியாயம் செய்வேன் என்ற அவர் வாக்கை நம்பி, டுபாய்ஸ், டிராட்டர் போன்ற கறுப்பினத் தலைவர்கள் அவரை ஆதரித்தார்கள். இந்த டுபாய்ஸ் யார்? ஹார்வர்டிலே டாக்டர் பட்டம் பெற்றவர், பேராசிரியர். படிப்பிலே வில்சனுக்கு ஒரு மாற்றும் குறைந்தவரல்லர். பலன் என்ன? 1913-இல், தபால் இலாகாவிலும் நிதி இலாகாவிலும் கறுப்பின ஊழியர்களைத் தனியே ஒதுக்கத் தொடங்கினார்கள். தனிச் சாப்பாட்டு மேசை, தனிக் கழிப்பறை, நடுவிலே தடுப்பு. ஒரு குமாஸ்தாவை வேலையின் தன்மையால் தனி அறைக்கு மாற்ற முடியாமல், அவரைச் சுற்றிக் கூண்டு கட்டினார்கள் என்று டுபாய்ஸ் ஜனாதிபதிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். தனிக் குவளையும் தனித் திண்ணையும் கண்ட நாட்டிலே பிறந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

1914 நவம்பரிலே டிராட்டர் தலைமையிலே ஒரு தூதுக்குழு வெள்ளை மாளிகைக்குச் சென்றது. ஒதுக்கி வைப்பது இழிவல்ல, உங்களுக்கே அது நன்மை என்றார் பேராசிரியர். டிராட்டர் விடவில்லை, எதிர்த்து வாதாடினார். உம்முடைய பேச்சுத் தோரணை என்னைப் புண்படுத்துகிறது, இனி வருவதானால் வேறு ஒருவரைப் பேச அழைத்து வாருங்கள் என்று சொல்லி, வாசலைக் காட்டினார் வில்சன். நூஜென்ட்டுக்கு வாசலைக் காட்டிய அதே கை! தென்னாட்டிலே கறுப்பு மனிதனுக்கு வாக்குச் சீட்டு பெரும்பாலும் மறுக்கப்பட்டிருந்தது. ஆகவே இந்த வாசலைக் காட்டியதற்கு வில்சன் எந்த விலையும் கொடுக்கவில்லை.

நம் ஊரிலிருந்தும் ஒருவர் அவரை நம்பினார். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற சர் எஸ். சுப்பிரமணிய அய்யர், இந்தியாவுக்குத் தன்னாட்சி கிடைக்கத் துணை நிற்குமாறு 1917 ஜூன் 24-ஆம் தேதியிட்டு வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கத் தம்பதி ஒருவர் அதை எடுத்துச் சென்றார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் சீறிற்று. பார்லிமெண்டிலே பேச்சு அடிபட்டது. அய்யர் தம் சர் பட்டத்தையே துறந்தார். அவருடைய இயக்கத்தோடு நமக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது வேறு; முதுமையிலே காட்டிய அந்தத் துணிவை மதிக்கிறோம். வில்சன் என்ன செய்தார்? 1919 ஏப்ரலிலே பாரிஸ் நகரத்துச் சமாதான மாநாட்டிலே, இனங்கள் சமம் என்ற வாசகத்தைச் சேர்க்கும்படி ஜப்பான் கேட்டது. வாக்களித்தவர்களிலே பெரும்பான்மையோர், 17-க்கு 11 பேர், ஆதரித்தார்கள். தலைமை தாங்கிய வில்சன், ஒருமனதாக இல்லை, ஆகவே தள்ளுபடி என்றார். பெரும்பான்மைக்கு மதிப்புக் கொடு என்று ஸ்மித்தோடு மல்லுக்கட்டிய அதே வில்சன்!

1924-இல் மறைந்தார். பிரின்ஸ்டனிலே அவர் பெயரால் ஒரு கல்விக்கூடம் எழுந்தது, பொது விவகாரங்களையும் ஆட்சிக் கலையையும் கற்பிக்க. 2015-இல் கறுப்பின மாணவர்கள் தலைவரின் அலுவலகத்திலேயே அமர்ந்து, அந்தப் பெயரை நீக்கு என்றார்கள். நிர்வாகம் யோசித்து, மறுத்தது. 2020 ஜூனிலே, அமெரிக்கத் தெருக்களிலே கறுப்பின மக்களின் நியாயம் கேட்டு இலட்சக்கணக்கானோர் நின்ற வேளையிலே, அதே நிர்வாகம் பெயரை எடுத்தது.

இவ்வளவையும் படிப்பகத்துத் தோழரிடம் சொல்லி முடித்தபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. இரவுப் பணிக்குப் போக வேண்டியவர் எழுந்தார். கதவருகே நின்று, "ஜனாதிபதி கதையெல்லாம் இருக்கட்டும் அண்ணே. ஆகஸ்டிலே ஒரு தீர்மானம் போட்டார்களே, அந்தச் சம்மேளனத்துக் கதையை இன்னொரு தடவை சொல்லுங்கள். நாளைக்கு உணவு இடைவேளையிலே பையன்களிடம் சொல்ல வேண்டும்" என்றார்.

சொன்னோம்.